ஐந்தில் வளையாதது

போன வருடம் ஆடி மாதத்தில் மகளின் பள்ளியில் கண் முகாம் நடந்தது. சாயங்காலம் பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து நீட்டினாள். இடது கண்ணில் பார்வை குறைவு, மருத்துவரிடம் காட்டவும் என்று எழுதியிருந்தது. கண்ணாடி போடச் சொல்வார்கள், போட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். அவள் டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றதில்லை. தலைவலி என்று சொன்னதில்லை. அரிசியில் கல் பொறுக்கச் சொன்னால் என்னைவிட வேகமாகப் பொறுக்குவாள். அப்போது ஏழு வயது முடிந்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

மருத்துவமனையில் வலது கண்ணை மூடிக்கொண்டு போர்டைப் படிக்கச் சொன்னார்கள். முதல் வரியில் இருந்த பெரிய எழுத்தைச் சொன்னாள், அடுத்த வரியைச் சொன்னாள், நிறுத்திக்கொண்டாள். "அப்புறம் எழுத்தே இல்லையே" என்றாள். நான் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அந்தச் சொல் இன்னும் காதில் இருக்கிறது. வலது கண் 6/6, அதாவது முழுப் பார்வை. இடது கண் 6/36, கீழே உள்ள எண் கூடக் கூடப் பார்வை குறைவு. லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தும் இடது கண்ணால் கூடுதலாக ஒரே ஒரு வரிதான் படிக்க முடிந்தது. டாக்டர் பொறுமையாகவே சொன்னார்: "கண் நல்லாத்தான் இருக்கு. ரெண்டு கண்ணுக்கும் பவர் வித்தியாசம் ஜாஸ்தி. அதனால மூளை அந்தக் கண்ணைச் சேர்த்துக்கவே இல்ல. லேஸி ஐன்னு சொல்லுவோம். மூணு நாலு வயசுலயே வந்திருந்தா சுலபமா போயிருக்கும். கொஞ்சம் லேட்தான். பார்ப்போம்." கண்ணாடியும், நல்ல கண்ணைத் தினமும் இரண்டு மணி நேரம் மூடி ஒட்டி வைக்க பேட்ச்சும் எழுதிக் கொடுத்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பாப்பா ஜன்னலோரம் தூங்கிவிட்டாள். ரொம்ப நேரம் பேசாமல் வந்தவர், "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமான்னு சொல்லுவாங்க. பிள்ளைக்கு ஏழுதானம்மா ஆகுது" என்றார். ஐம்பதுக்கு இன்னும் எவ்வளவோ இருக்கிறது என்று ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு மட்டும் அது வேறு மாதிரி கேட்டது. ஐந்து போய்விட்டதே அப்பா, ஏழு ஆகிவிட்டதே என்று கேட்டது. அந்தப் பழமொழி அன்றிலிருந்து என்னை விடவில்லை.

நான் மேல்நிலை வகுப்புகளுக்கு விலங்கியல் நடத்துகிறேன். பதினாலு வருடமாகக் கண்ணின் படத்தைப் போர்டில் வரைந்து பாகம் குறித்துக்கொண்டிருக்கிறேன். லென்ஸ், விழித்திரை, பார்வை நரம்பு, அம்புக்குறி போட்டு மூளை. கண் ஒரு கேமரா, மூளை அந்தப் படத்தைப் பார்க்கிறது என்று சொல்லிக்கொடுத்திருக்கிறேன். கேமரா சரியாக இருக்கும்போது படம் எங்கே போனது? டாக்டர் சொன்ன 'சேர்த்துக்கவே இல்ல' என்ற சொல்லுக்கு நான் நடத்தும் பாடத்தில் இடமே இல்லை. இரவில் பாப்பா தூங்கிய பிறகு உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தது. கார்லா ஷாட்ஸ், அமெரிக்க நரம்பியல் விஞ்ஞானி. இந்த ஒரு வருடத்தில் அவருடைய வேலையைப் பின்தொடர்ந்து நான் நடந்த தூரத்தைத்தான் இங்கே எழுத நினைக்கிறேன்.

தைத்து மூடிய கண்

கதை அவருக்கு முன்பே தொடங்குகிறது. 1960களின் தொடக்கத்தில் ஹார்வர்ட் மருத்துவப் பள்ளியில் டேவிட் ஹியூபலும் டார்ஸ்டன் வீசலும் பிறந்த பூனைக்குட்டியின் ஒரு கண் இமையைத் தைத்து மூடினார்கள். சில வாரம் கழித்துப் பிரித்துப் பார்த்தால் கண்ணில் ஒரு குறையும் இல்லை. ஆனால் மூளையின் பார்வைப் புறணியில், அதாவது பார்வையைக் கவனிக்கும் வெளியடுக்கில், இருந்த செல்களில் அநேகமாக எதுவும் அந்தக் கண்ணுக்குப் பதில் சொல்லவில்லை. எல்லாம் மற்ற கண்ணின் பக்கம் போய்விட்டிருந்தன. வளர்ந்த பூனைக்கு அதே மாதிரி மாதக்கணக்கில் மூடினாலும் ஒன்றும் ஆகவில்லை. குறிப்பிட்ட ஒரு பருவத்தில் மட்டும் மூளை வளையும், அது தாண்டினால் இறுகிவிடும். 1981இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இந்தச் சோதனையைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தக் குட்டிகளை நினைத்தும் வரவில்லை, என் பிள்ளையை நினைத்தும் வரவில்லை. பாப்பாவின் கண்ணை யாரும் தைக்கவில்லை. ஆனால் அவளுடைய இடது கண்ணுக்குப் பிளஸ் நாலரை பவர். நாங்கள் யாரும் கவனிக்காமலே ஏழு வருடம் அது மங்கலான செய்தியை மட்டும் அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது.

ஷாட்ஸ் இந்த இருவரின் மாணவி. 1947இல் பிறந்தவர். ராட்கிளிஃப் கல்லூரியில் வேதியியல் படித்துக்கொண்டிருந்தபோது அவருடைய பாட்டிக்குப் பக்கவாதம் வந்தது. அதுதான் அவரை மூளையின் பக்கம் திருப்பியது. லண்டனில் இரண்டு வருடம் உடலியங்கியல் படித்துவிட்டு ஹார்வர்டுக்குத் திரும்பினார். 1976இல் முனைவர் பட்டம். ஹார்வர்டில் நரம்பு உயிரியலில் அந்தப் பட்டம் வாங்கிய முதல் பெண் அவர்தான்.

அந்தப் பட்டத்துக்கான ஆய்வு சயாமியப் பூனைகளைப் பற்றியது, என்னை ரொம்ப நேரம் பிடித்து வைத்துக்கொண்டது. சயாமியப் பூனைகள் பலவற்றுக்கு மாறுகண் உண்டு. அவற்றின் நிறத்தைத் தீர்மானிக்கும் மரபணுக் குறைபாட்டால், விழித்திரையிலிருந்து மூளையின் அதே பக்கம் போக வேண்டிய நரம்பிழைகளில் பல, தவறிப்போய் எதிர்ப்பக்கம் போய்விடுகின்றன. அதாவது மூளைக்குத் தப்பான இடத்துப் படம் வந்து சேர்கிறது. அதை மூளை என்ன செய்யும்? ஷாட்ஸ் பாஸ்டன் பூனைகளையும் அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதிப் பூனைகளையும் ஒப்பிட்டு 1977இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பாஸ்டன் வகையில் மூளை தன் உள்வரைபடத்தையே மாற்றி எழுதி, தவறி வந்த செய்திக்கும் ஒழுங்கான இடம் கொடுத்திருந்தது. மத்திய மேற்கு வகையிலோ அந்தச் செய்தியை அடக்கி வைத்துவிட்டது. பிழை ஒன்றே, மூளைகள் கண்ட வழி இரண்டு. இதைப் படித்தபோதுதான் மூளை என்பது வந்த படத்தை வாங்கி வைத்துக்கொள்ளும் இடம் என்ற எண்ணம் எனக்குள் முதல்முறையாக ஆட்டம் கண்டது. எதைச் சேர்த்துக்கொள்வது, எதை ஒதுக்குவது என்று அது முடிவெடுத்துக்கொண்டே இருக்கிறது.

வீட்டில் இதற்குள் பேட்ச் போர் தொடங்கியிருந்தது. நல்ல கண்ணை மூடினால் பாப்பாவுக்கு உலகமே மங்கல். வீட்டுப் பாடம் எழுத முடியவில்லை என்று அழுதாள். பிய்த்துப் பிய்த்து எறிந்தாள். புருவத்து முடியெல்லாம் பசையோடு வந்தது. "எனக்கு நல்லாத் தெரியிற கண்ணை ஏம்மா மூடுற?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு என்னிடம் அப்போது சரியான பதில் இல்லை. "டாக்டர் சொன்னார்ல" என்றேன்.

இருட்டில் எழும் அலை

1978இல் ஷாட்ஸ் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் தனக்கென்று ஆய்வகம் தொடங்கினார். ஆசிரியர்கள் பிறந்த குட்டியிலிருந்து ஆரம்பித்தார்கள், இவர் பிறப்பதற்கு முன்னால் போனார். விழித்திரையிலிருந்து வரும் நரம்பிழைகள் நேராகப் புறணிக்குப் போவதில்லை. நடுவில், மூளையின் ஆழத்தில் உள்ள தலாமஸ் என்ற பகுதியில் ஒரு நிலையம் இருக்கிறது. அங்கே இடக்கண்ணுக்கு ஒரு அடுக்கு, வலக்கண்ணுக்கு ஒரு அடுக்கு என்று வளர்ந்த பூனையில் சுத்தமாகப் பிரிந்திருக்கும். பிறந்த குட்டியிலும் பிரிந்துதான் இருக்கும், அதுவும் கண் திறக்காத குட்டியில். அப்படியானால் இந்தப் பிரிவினை மரபணுவில் எழுதி வைத்த வரைபடம், ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான் வளரும் என்று நினைப்பதுதான் இயல்பு. நானும் கேட்டிருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

ஷாட்ஸ் கருவிலிருக்கும் பூனைக்குட்டியின் ஒரு கண்ணில் தடம் காட்டும் பொருளைச் செலுத்தி, இழைகள் எங்கே போகின்றன என்று கருவின் நாள்வாரியாகப் பார்த்தார். பூனையின் கர்ப்பகாலம் சுமார் 65 நாள். ஏறத்தாழ நாற்பது நாள் கருவில் இரண்டு கண்களின் இழைகளும் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடந்தன. அடுக்கும் இல்லை, எல்லையும் இல்லை. பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்து தன் தன் இடத்துக்குப் போகின்றன. 1983இல் இதை வெளியிட்டார். ஆக முதலில் கலப்பு, அப்புறம் பிரிவு. யார் பிரிக்கிறார்கள்?

மைக்கேல் ஸ்ட்ரைக்கர் என்ற இன்னொரு நரம்பியல் ஆய்வாளரோடு சேர்ந்து அடுத்த சோதனை, 1988. பேத்தை மீனில் இருக்கும் நஞ்சு நரம்புகளின் மின்துடிப்பை நிறுத்திவிடும். அதைச் சின்னஞ்சிறு பம்ப் ஒன்றின் வழியாகக் கருவிலிருக்கும் குட்டியின் மூளைக்குள் இரண்டு வாரம் மெதுவாகச் செலுத்தினார்கள். அடுக்குகள் உருவாகவில்லை. இழைகள் பின்னியபடியே கிடந்தன. வரைபடம் மட்டும் போதாது, துடிப்பும் வேண்டும் என்று தெரிந்தது. ஆனால் இது இன்னும் பெரிய புதிரைக் கிளப்பியது. வயிற்றுக்குள் ஏது வெளிச்சம்? ஒளியை உணரும் செல்களே அப்போது வேலைக்குத் தயாராகவில்லை. பார்க்கவே தொடங்காத கண் மூளைக்கு என்ன செய்தி அனுப்பும்? அதே 1988இல் இத்தாலியின் பீசா நகரில் லூசியா கல்லியும் லம்பர்ட்டோ மஃபேயும் எலிக் கருவின் விழித்திரைச் செல்கள் இருட்டிலேயே தாமாகத் துடிக்கின்றன என்று பதிவு செய்துவிட்டார்கள். அந்தத் துடிப்பில் ஏதாவது ஒழுங்கு இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி.

ஸ்டான்ஃபோர்டில் மார்கஸ் மைஸ்டரும் டெனிஸ் பேலரும் விழித்திரையை விரித்து வைத்து ஒரே நேரத்தில் பல செல்களைக் கேட்கும் கருவி வைத்திருந்தார்கள். தட்டையான பரப்பில் 61 மின்முனைகள். ரேச்சல் வாங், ஷாட்ஸ் ஆகியோரோடு சேர்ந்து, ஃபெரெட் என்ற பிராணியின் பிறந்த குட்டியின் விழித்திரையை அதன்மேல் பரப்பினார்கள். ஃபெரெட் பார்ப்பதற்குக் கீரிப்பிள்ளை மாதிரி நீண்ட உடல் கொண்டது. குட்டிகள் ரொம்ப முதிராமலே பிறக்கும், கண் திறக்க ஒரு மாதம் ஆகும். பூனையின் வயிற்றுக்குள் நடப்பது ஃபெரெட்டில் பிறந்த பிறகு நடக்கிறது. அதனால் அதைத் தேர்ந்தெடுத்தார்கள்.

அந்த 61 மின்முனைகளில் கேட்டது என்ன தெரியுமா? ஒன்றிரண்டு நிமிடம் அமைதி. பிறகு ஓரிடத்தில் சில செல்கள் ஒன்றாகத் துடிக்கின்றன. அடுத்த கணம் பக்கத்துச் செல்கள், அதற்கடுத்த கணம் அவற்றின் பக்கத்துச் செல்கள். விழித்திரையின் குறுக்கே ஒரு அலை நகர்கிறது, விநாடிக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வேகத்தில். குளத்தில் காற்று தொட்ட இடத்திலிருந்து சிற்றலை போகிற மாதிரி. மறுபடி அமைதி. மறுபடி வேறொரு இடத்திலிருந்து வேறொரு திசையில் இன்னொரு அலை. வெளிச்சம் கிடையாது, படம் கிடையாது, பார்ப்பதற்கு எதுவும் கிடையாது. உடலிலிருந்து பிரித்து எடுத்து வைத்த ஒரு சின்ன விழித்திரை, இருட்டில் தனக்குத் தானே ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கிறது. 1991இல் இது வெளியானது.

நான் இந்த இடத்திலேயே பல நாள் நின்றேன். ஏன் அலையாக இருக்க வேண்டும் என்பதுதான் இதன் அழகு. விழித்திரையில் பக்கத்துப் பக்கத்துச் செல்கள் அலையில் ஒன்றாகத் துடிக்கின்றன, தூரத்துச் செல்கள் வேறு நேரத்தில் துடிக்கின்றன. இடக்கண்ணின் அலையும் வலக்கண்ணின் அலையும் ஒரே நேரத்தில் எழுவது அரிது. தலாமஸில் காத்திருக்கும் செல்லுக்கு இது போதும். ஒன்றாகத் தட்டுபவர்கள் ஒரே வீட்டுக்காரர்கள் என்று அது புரிந்துகொள்கிறது. சேர்ந்து துடித்த இழைகளின் பிணைப்பை வலுவாக்குகிறது, நேரம் தப்பித் தட்டிய இழையை விலக்குகிறது. எந்த மேஸ்திரியும் நின்று கல் பிரித்துக் கொடுக்கவில்லை. 1992இல் எழுதிய ஒரு கட்டுரையில் ஷாட்ஸ் இதை ஒரே வரியில் சொன்னார்: சேர்ந்து துடிக்கும் செல்கள் சேர்ந்து பிணையும். இன்று நரம்பியல் மாணவர்கள் எல்லோருக்கும் அந்த வரி மனப்பாடம். பிறகு 1998இல் அவர் ஆய்வகத்திலேயே, ஒரு கண்ணின் அலையை மட்டும் அடக்கினால் அந்தக் கண் தன் இடத்தை இழக்கிறது, மற்ற கண் அதைப் பிடித்துக்கொள்கிறது என்றும் காட்டினார்கள்.

பாப்பாவுக்கு நடந்தது பிறந்த பிறகு, தலாமஸைத் தாண்டிப் புறணியில் நடந்தது. பருவம் வேறு, இடம் வேறு. ஆனால் விதி ஒன்றுதான். தெளிவான செய்தி அனுப்பும் கண் வலுவாகத் தட்டுகிறது, மங்கலான கண்ணின் தட்டல் கேட்கவில்லை. அவ்வளவு காலமும் என் மனதில் இருந்தது ஒரு குற்றவுணர்வு. நான் கர்ப்பமாக இருந்தபோது போனையே பார்த்துக்கொண்டிருந்தேன், குழந்தைக்குச் சின்ன வயதில் நிறையப் படம் காட்டவில்லை என்றெல்லாம் உறவில் சிலர் சொன்னதை நானும் உள்ளுக்குள் நம்பியிருந்தேன். இந்த அலையைப் படித்த பிறகு அது விழுந்துபோனது. 2006இல் குரங்குக் கருவின் விழித்திரையிலும் இந்த அலையைப் பதிவு செய்திருக்கிறார்கள். கருவிலிருக்கும் கண்ணுக்கு நான் எதுவும் காட்ட வேண்டியதில்லை, காட்டவும் முடியாது. என் வயிற்றில் இருந்தபோது அவள் கண்களும் இப்படித்தான் யாரும் சொல்லிக்கொடுக்காமல் வேலை செய்துகொண்டிருந்திருக்கும் என்று நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு நிறைகிறது. பின்னால் வந்த பவர் வித்தியாசத்தை நான் கண்டுபிடித்திருக்கலாம், ஆமாம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது நான் செய்த தீங்கு என்று இனி நினைக்கமாட்டேன்.

அடுத்த நாள் பாப்பாவிடம் அவள் கேள்விக்குப் பதில் சொன்னேன். ரெண்டு கண்ணும் மூளை வீட்டுக் கதவைத் தட்டுது. வலது கண்ணு பலமா தட்டுது, இடது கண்ணு மெதுவா தட்டுது. மூளை வலது கண்ணுக்கே திறந்து திறந்து பழகிப்போச்சு. அதனால தினமும் ரெண்டு மணி நேரம் வலது கண்ணை, நீ கொஞ்சம் சும்மா இரு தாயின்னு சொல்றோம். கேட்டுவிட்டு, "அப்போ இடது கண்ணு தட்டட்டும்" என்றாள். அன்றைக்குப் பேட்ச்சைப் பிய்க்கவில்லை. மறுநாள் பிய்த்தாள், அது வேறு விஷயம்.

பிடித்துக்கொண்டிருக்கும் கை

ஆனால் பழமொழி இன்னும் அப்படியே நின்றது. அலை வந்தாலும் சரி, கண் தட்டினாலும் சரி, பருவம் போய்விட்டால் மூளை கேட்குமா? ஷாட்ஸின் வாழ்க்கையின் பின்பாதி முழுக்க இந்தக் கேள்விதான்.

பதவிகளையும் பரிசுகளையும் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1992இல் ஸ்டான்ஃபோர்டை விட்டு கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்குப் போனார். 2000இல் ஹார்வர்டில், தான் மாணவியாக இருந்த அதே துறைக்குத் தலைவரானார், அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். 2007இல் ஸ்டான்ஃபோர்டுக்கே திரும்பி பயோ-எக்ஸ் என்ற பல்துறை ஆய்வு நிலையத்தை நடத்தினார். 2016இல் ஈவ் மார்டர், மைக்கேல் மெர்செனிக் ஆகியோரோடு நரம்பியலுக்கான காவ்லி பரிசு. இடையில் அவர் ஆய்வகம் செய்த இன்னொரு வேலையையும் சொல்லாமல் விட மனமில்லை. புறணிக்கு அடியில் கருக்காலத்தில் மட்டும் இருந்துவிட்டுப் பெரும்பாலும் மறைந்துபோகும் நரம்புச் செல்கள் உண்டு. தலாமஸிலிருந்து வரும் இழைகள் புறணிக்குள் சரியான இடத்தில் நுழைய அவை உதவுகின்றன. வீடு கட்டும்போது கட்டும் சாரம் மாதிரி. வேலை முடிந்ததும் சாரம் பிரிக்கப்படுகிறது.

நான் சொல்ல வந்தது 1998இல் நடந்தது. துடிப்பு நின்றால் பிணைப்பு மாறுகிறது என்றால், துடிப்பு எந்த மரபணுக்களை முடுக்கிவிடுகிறது என்று தேடினார்கள். மறுபடியும் அதே மீன் நஞ்சு, அதே தலாமஸ். நஞ்சு செலுத்தியபோது எந்த மரபணுவின் வேலை குறைகிறது என்று ஒவ்வொன்றாகச் சலித்துப் பார்த்தார்கள். மூளைக்கே உரிய ஏதாவது ஒன்று கிடைக்கும் என்றுதான் யாரும் எதிர்பார்த்திருப்பார்கள். கிடைத்ததோ நோய் எதிர்ப்பு மண்டலத்தின் புரதம், எம்ஹெச்சி முதல் வகை. ஒரு செல் நம்முடையதா, கிருமி புகுந்ததா என்று காவல் செல்களுக்கு அடையாளம் காட்டும் புரதம் அது. நானே பிளஸ் டூவில் நோய் எதிர்ப்புப் பாடத்தில் நடத்துவது. சாதாரணமான நரம்புச் செல்களில் அது இருக்காது என்பதுதான் அன்றைய பாடம். அந்த முடிவை ஒதுக்கிவிட்டு வேறு மரபணுவைத் தேடியிருக்கலாம். அதுவரை சேர்த்த பெயரைப் பணயம் வைக்காமல் இருந்திருக்கலாம். ஐம்பது வயதில், தனக்குப் பழக்கமே இல்லாத இன்னொரு துறைக்குள் அவர் இறங்கினார். எனக்கு அவர்மேல் மரியாதை அன்பாக மாறியது இந்த இடத்தில்தான்.

2000இல் அவர் குழு, இந்தப் புரதங்கள் இல்லாத எலிகளில் தலாமஸ் இழைகள் சரியாகச் செதுக்கப்படவில்லை என்று காட்டியது. 2006இல் அந்தப் புரதத்தைப் பற்றிக்கொள்ளும் ஒரு ஏற்பி மூளையில் கிடைத்தது. பிர்-பி என்று பெயர். அது வேலை செய்யாத எலிகளில், ஒரு கண்ணை மூடினால் மற்ற கண் இடம் பிடிப்பது சின்ன வயதில் மட்டுமல்ல, வளர்ந்த பிறகும் மற்ற எலிகளைவிட அதிகமாக நடந்தது. அதாவது வளர்ந்த மூளை வளையும் சக்தியைத் தொலைத்துவிடவில்லை. வளையவிடாமல் ஒரு பொருள் பிடித்துக்கொண்டிருக்கிறது. சைக்கிளில் பிரேக் மாதிரி. கற்றதெல்லாம் கலைந்துபோகாமல் இருக்க அந்தப் பிடியும் தேவைதான்.

2014இல் கடைசிப் படி. குட்டிப் பருவத்தில் ஒரு கண்ணை நெடுநாள் மூடிவைத்துப் பார்வை மங்கிப்போன எலிகள், பாப்பாவின் இடது கண் மாதிரி. அவை வளர்ந்த பிறகு, அந்தப் பிர்-பியைச் செயல்படாமல் தடுக்கும் புரதத்தை மூளையின் பார்வைப் பகுதிக்குள் செலுத்தினார்கள். புதிய பிணைப்புகள் முளைத்தன. மங்கிய கண்ணின் பார்வை திரும்பியது. இது எலியில். மனிதனுக்கு இப்படி ஒரு மருந்து கடையில் இல்லை, யாராவது விற்றால் நான் பக்கத்திலேயே போகமாட்டேன். என் பிள்ளைக்கு இது சிகிச்சையும் இல்லை. ஆனால் ஏறத்தாழ ஐம்பது வருடத்துக்கு முன் அவருடைய ஆசிரியர்கள் இறுகிவிட்டது என்று காட்டிய கதவின் உள்பக்கத் தாழ்ப்பாளை மாணவி கையால் தொட்டுப் பார்த்துவிட்டார்.

இதற்கிடையில் மனிதக் குழந்தைகளைப் பற்றியும் தேடினேன். 2005இல் அமெரிக்காவில் 7 முதல் 17 வயது வரை உள்ள 507 பிள்ளைகளை வைத்து நடந்த ஆய்வின் முடிவு வெளிவந்தது. 7 முதல் 12 வயதுக்குள் இருந்தவர்களில், கண்ணாடியோடு பேட்ச்சும் சொட்டு மருந்தும் பக்கத்தில் வைத்துப் பார்த்துச் செய்யும் வேலையும் சேர்த்துக் கொடுத்தபோது 53 சதவீதம் பேருக்குப் போர்டில் இரண்டு வரியாவது முன்னேற்றம் இருந்தது. கண்ணாடி மட்டும் போட்டவர்களில் 25 சதவீதம். நூற்றுக்கு நூறு இல்லை. எல்லோருக்கும் முழுப் பார்வை திரும்பவும் இல்லை. சின்ன வயதிலேயே கண்டுபிடிப்பதுதான் நல்லது என்பதில் எனக்கு ஒரு சந்தேகமும் கிடையாது. இதைப் படிக்கிற யார் வீட்டிலாவது மூன்று நாலு வயதுப் பிள்ளை இருந்தால், ஒரு கண்ணை மூடிப் பார்க்கச் சொல்லுங்கள், பிறகு மற்றதை. ஒரு கண்ணை மூடும்போது மட்டும் பிள்ளை கையைத் தட்டிவிட்டு அழுதால், உடனே மருத்துவரிடம் போங்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை. முன்பு ஒரு இடத்தில் கண் பரிசோதனை என்று அழைத்துப்போனபோது இரண்டு கண்ணையும் ஒன்றாகத் திறந்து வைத்தே படிக்கச் சொல்லி, நல்லா இருக்கு என்று அனுப்பிவிட்டார்கள்.

இந்த வருடம் வகுப்பில் கண் பாடம் வந்தபோது கேமரா என்று சொல்லவில்லை. படத்தை வரைந்து முடித்துவிட்டு, இந்தக் கண் பிறப்பதற்கு முன்னால் இருட்டில் என்ன செய்துகொண்டிருந்தது தெரியுமா என்று கேட்டேன். பரீட்சைக்கு வராது மிஸ் என்று ஒரு பையன் சொன்னான். வராதுதான் என்று சொல்லிவிட்டு அலையை வரைந்தேன். மணி அடித்த பிறகும் இரண்டு பெண் பிள்ளைகள் போர்டுக்குப் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

பத்து மாதம் பேட்ச் போட்டாயிற்று. போன தடவை போனபோது இடது கண் 6/12. இன்னும் இரண்டு வரி பாக்கி, அது வருமா என்று டாக்டர் உறுதி சொல்லவில்லை. பேட்ச்சைத் தொடரச் சொல்லியிருக்கிறார், அடுத்த தடவை ஆவணியில். போன வாரம் அப்பா வந்திருந்தார். சாயங்காலம் பேட்ச் போட்டபடி பாப்பாவைக் கூட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனார். திரும்பி வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே சொன்னார்: "பஸ் ஸ்டாண்டு தாண்டி வர்ற பஸ்ஸோட போர்டை எனக்கு முன்னாடி வாசிச்சுட்டாம்மா. எனக்கே தெரியல."

"தாத்தா கண்ணாடி போடாம வந்துட்டாங்கம்மா" என்றாள் பாப்பா, பேட்ச்சை மெதுவாக ஓரத்திலிருந்து உரித்துக்கொண்டே.